நைட்ரஸ் ஆக்சைடும் அடைபட்ட காற்றும்

‘சிரிப்பூட்டும் வாயு’ எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, உடலுக்குள் காற்று அடைபட்ட நோயாளிக்கு ஆபத்தான மயக்க வாயு. இரத்தத்தில் நைட்ரஜனைவிட ஏறத்தாழ 34 மடங்கு அதிகம் கரைவதால், அடைபட்ட காற்றிலுள்ள நைட்ரஜன் வெளியேறுவதற்குள் இது உள்ளே புகுந்து நிரப்பிவிடும். மார்புக்கூடு, குடல் போன்ற இடங்களில் காற்றின் கன அளவு பெருகும்; விரிய இடமில்லாத நடுச்செவியிலும் கண்ணிலும் அழுத்தம் ஏறும். 75 சதவீத வாயுவில் நுரையீரலைச் சுற்றிய காற்று பத்தே நிமிடத்தில் இருமடங்காவதை 1965-இல் ஈகர், சைட்மேன் இருவரும் விலங்குச் சோதனையில் காட்டினர். குடலுக்குச் சில மணி நேரமாகும்.

விராலிமலை போன்ற ஜல்லிக்கட்டு ஊர்களுக்கு இது ஏட்டறிவு மட்டுமல்ல. 2019 ஜனவரி 20 அன்று அங்கே 1,350-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன, இருவர் உயிரிழந்தனர். மார்பில் கொம்பு பாய்ந்தால் வெளிக்காயம் சிறிதாகவே தெரியலாம். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயிலும் கசிந்த காற்று தப்பிவிடலாம். அந்தக் காற்றை வெளியேற்ற மார்பில் குழாய் பொருத்தாமல் நைட்ரஸ் ஆக்சைடைக் கொடுத்தால் நுரையீரல் நசுங்கி, இரத்த அழுத்தம் சரியும்.

அதிகம் மறக்கப்படுவது கண்தான். விழித்திரை அறுவையில் செலுத்தும் பெர்ஃபுளூரோபுரொப்பேன் வாயுக் குமிழி பல வாரங்கள் தங்கும். இடையில் வேறு அறுவைக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துப் பார்வை பறிபோனவர்கள் உண்டு.