குத்துச்சண்டை விதிகள் உணர்த்தும் வரலாறு

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வியக்கலாம். பெரம்பலூர், அரியலூர் வட்டார இளைஞர் பலர், 2021-இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தால் இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்டுள்ளனர். வடசென்னையில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஒடுக்கப்பட்ட மக்களும் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாக நின்று வளர்த்த கலை அது. வீரத்தைப் போற்றும் நாம், அவ்வீரனின் உயிரைக் காக்கும் விதிகளின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தில் வெறுங்கையால் மோதிய காலத்தில், 1743-ஆம் ஆண்டு ஜாக் பிராட்டன் என்ற வீரர் சில விதிகளை வகுத்தார். கீழே விழுந்தவனை அடித்தல் கூடாது என்பது அவற்றுள் தலையாயது. 1867-இல் குயின்ஸ்பெரி விதிகள் வெளியாயின. கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் எழுவதற்குப் பத்து விநாடி ஆகியன நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளை எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ். பெயர் நிலைத்ததோ ஆதரவு தந்த பிரபுவுக்கு. உழைத்தவன் ஒருவன், புகழ் பெற்றவன் வேறொருவன் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

விழுந்தவனுக்கு நீதி வழங்கிய அந்நாட்டிலேயே பிறப்பை அளவுகோலாக்கிய விதியும் இருந்தது. 1911 முதல் பிரித்தானியப் பட்டத்துக்குப் போட்டியிடுவோரின் பெற்றோர் இருவரும் வெள்ளையராய் இருத்தல் வேண்டும் என்றனர். டிக் டர்ப்பின் இங்கிலாந்தில் பிறந்தவர், தாய் வெள்ளையர். தந்தை பிரித்தானிய கயானாவிலிருந்து வந்து, முதல் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட்ட கறுப்பினத்தவர். மகனுக்கோ பட்டத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. 1948-இல் அத்தடை நீங்கியது. அவ்வாண்டே டர்ப்பின் பட்டத்தை வென்றார். அதே 1948-ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று, அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராய் வீற்றிருந்த நம் அரசியல் நிர்ணய சபை, தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. கடல் கடந்த இரு நாடுகளில், பிறப்பால் மனிதனை விலக்கும் இரு விதிகள் ஒரே ஆண்டில் வீழ்ந்தமை எண்ணி மகிழத்தக்கது.

எனினும், களத்துள் நுழையும் உரிமை மட்டும் போதுமா? 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டுக்கூ, ரே மான்சினியுடன் மோதிப் பதினான்காம் சுற்றில் வீழ்ந்து, மூளைக் காயத்தால் மாண்டார். அதன்பின் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளைப் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. ஏனைய அமைப்புகளும் காலப்போக்கில் பின்பற்றின. 1991-இல் லண்டனில் மைக்கேல் வாட்சன் என்ற கறுப்பின வீரர் மூளையில் படுகாயமுற்றார். களத்தருகே உடனடி உயிர்காப்புச் சிகிச்சைக்குப் போதிய ஏற்பாடு இல்லை. அவர் விதி வகுக்கும் வாரியத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். பாதுகாப்பு விதிகளை வகுப்போர் அவற்றின் குறைபாட்டுக்கும் பொறுப்பாவர் என 2000-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

இளைஞர்களே! பாதுகாப்பு விதிகள் பலவும் எவரோ ஒருவர் சிந்திய குருதிக்குப் பின்னரே எழுதப்பட்டன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்ட் ஆலைகளிலும் பணிபுரியும் நம் மக்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். தலைக்கவசம் தருக என்று கேட்பது கோழைத்தனமன்று. கையுறையின்றிக் களமிறங்க மறுக்கும் வீரனின் அறிவே அது. ஆயின், கேட்பதற்கு விதியை முதலில் படித்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு விதிநூலையும் கையிலெடுக்கும்போது இரு வினாக்களை எழுப்புங்கள்: இது எவரைக் காக்கிறது? எவரை வெளியே நிறுத்துகிறது? இவ்வினாக்களை அஞ்சாது கேட்கும் ஆற்றலை நம் பிள்ளைகளுக்கு அளிக்குமாயின், நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று நாம் தலைநிமிர்ந்து கூறலாம்.