ஹொங்கொங் மக்களும் பிரித்தானியப் பிரசாவுரிமையும்

1847ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் டொன் பசிபிக்கோ என்னும் யூத வணிகரின் இல்லத்தை ஒரு கூட்டம் சூறையாடிற்று. ஜிப்ரால்டரிற் பிறந்த அவர், தாம் பிரித்தானியக் குடி என்று முறையிட்டார். 1850இல் ஆங்கிலக் கடற்படை கிரேக்கத் துறைமுகத்தை முற்றுகையிட்டது. பழைய உரோமப் பிரசையைப் போலவே பிரித்தானியக் குடியும் எங்கிருப்பினும் காக்கப்படுவான் எனப் பாமர்ஸ்டன் பிரபு பாராளுமன்றத்தில் முழங்கினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற நம் போன்றோர்க்கு, பவுல் அப்போஸ்தலர் அதே உரிமையைச் சொல்லிக் கசையடிக்குத் தப்பிய வரலாறும் நினைவுக்கு வரும். பாமர்ஸ்டன் பிரபுவின் வாக்கு எவ்வளவு பெறும் என்பதை நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் ஹொங்கொங் மக்கள் கண்டுகொண்டனர்.

ஹொங்கொங் தீவு 1842இலும் கௌலூன் 1860இலும் சீனாவிடமிருந்து பெறப்பட்டன. புதிய ஆள்புலங்களோ 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. குத்தகை 1997இல் முடியவிருந்ததால், குடியேற்ற நாடு முழுவதையும் சீனாவிடம் ஒப்படைக்க 1984 டிசம்பரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நிலத்தைக் கொடுப்பது எளிது. அதில் வாழ்ந்த மக்களின் நிலை யாது?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலண்டனிற் பிறந்தவனும் ஹொங்கொங்கிற் பிறந்தவனும் ஒரே வகைப் பிரசைகளே. ஆயின் 1962 முதல் இங்கிலாந்தின் வாயில் சிறிது சிறிதாக மூடப்பட்டது. 1981இல் நிறைவேறி 1983இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பிரசைகளை மூன்று வகையாகப் பிரித்தது. ஹொங்கொங் மக்களுக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது; பிரித்தானியாவில் வாழும் உரிமை இருக்கவில்லை. அதே 1983இல், போர் நடந்து முடிந்த போக்லந்துத் தீவின் மக்களுக்கு முழுப் பிரசாவுரிமை வழங்கப்பட்டது. அவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளையர். இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

1989 ஜூன் 4ஆம் நாள் பீக்கிங் நகரில் மாணவர்மீது துப்பாக்கி வெடித்தபின் ஹொங்கொங் முழுவதும் அச்சம் பரவிற்று. ஏறக்குறைய 32½ இலட்சம் பேர் ஆங்கிலேயக் குடியியலுக்கு உரியவர்கள். அவர்கள் அனைவருக்கும் வாழும் உரிமை தருக என்ற வேண்டுகோளைத் தட்சர் அரசாங்கம் ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வெளிநாட்டு மந்திரி டக்ளஸ் ஹேர்ட் ஒரு திட்டத்தை அறிவித்தார். 50,000 குடும்பத் தலைவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினர்க்குமாக, மொத்தம் சுமார் 2,25,000 பேருக்குப் பிரசாவுரிமை! வயது, கல்வி, தொழில் அனுபவம் என்பவற்றுக்குப் புள்ளி போட்டுத் தெரிவு நடந்தது. விநோதம் யாதெனில், இவர்கள் இங்கிலாந்துக்கு வரவேண்டும் என்பதற்காக உரிமை வழங்கப்படவில்லை. எப்போதும் போகலாம் என்ற தைரியத்தில் ஹொங்கொங்கிலேயே தங்கட்டும் என்பதற்காகவே வழங்கப்பட்டது. இதனையும் ஆளுங்கட்சியின் நோர்மன் டெபிற் முதலியோர் எதிர்த்தனர். மேல்தட்டினர்க்கு மட்டும் சலுகை என்று தொழிற்கட்சி கண்டித்தது. 1990 ஜூலையிற் சட்டம் நிறைவேறிற்று. செல்வத்திற் குறைந்த போர்த்துக்கல்லோ, அயலிலிருந்த மக்காவோவில் 1981 நவம்பருக்கு முன் பிறந்தோரைத் தன் பிரசைகளாகவே கொண்டது.

மனிதரைத் தொகையாக எண்ணுவது நமக்குப் புதிதன்று. 1948இல் எமது நாட்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோராயினர். 1964இல் இரு பிரதமர்கள் அமர்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். அங்கே கணக்கிட்டவர் வெளியேறும் ஆட்சியாளர். இங்கே கணக்கிட்டவர் ஆட்சியைப் பெற்றவர்.

ஹொங்கொங்கிலும் இந்திய வமிசத்தார் இருந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பொலிஸ் சேவையிலும் வாணிபத்திலும் ஈடுபட்டவர்கள். சீன இனத்தவரல்லாத அவர்களைச் சீனா தன் தேசத்தவராகக் கொள்ளாது. பிரித்தானியாவோ பல ஆண்டுகள் தட்டிக்கழித்தது. வேறு நாட்டுரிமை இல்லாதோர்க்குப் பிரசாவுரிமை தரும் சட்டம், கொடி இறங்கச் சில மாதங்களே இருக்க, 1997இற்றான் நிறைவேறிற்று.

ஏனைய பெரும்பாலார்க்குக் கிடைத்தது கடல்கடந்த பிரித்தானியர் என்னும் பெயரளவான தகுதி. 2020இல் சீனா தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை விதித்தபின், 2021 ஜனவரி 31 முதல் அத்தகுதி உடையோர் பிரித்தானியாவிற் குடியேறி, காலப்போக்கிற் பிரசைகளாக வழி திறக்கப்பட்டது. 1997 ஜூலைக்குப் பின் பிறந்த இளைஞர் அக்கடவுச்சீட்டைப் பெற முடியாது; பெற்றோரின் தகுதியைக் காட்டியே விண்ணப்பிக்கின்றனர்.