கிரேட்டர் ஏரியின் முதல் படம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிரேட்டர் ஏரிக்குப் படமெடுக்கப் போகிறவன் நான். முந்தின நாள் மாலையே செங்குத்துப் பாறை விளிம்பில் நடந்து, விடியலில் வெயில் முதலில் எந்தச் சுவரில் விழும் என்று பார்த்து இடம் பிடித்துவிடுவேன். அப்போதெல்லாம் பீட்டர் பிரிட் நினைவுக்கு வருவார்.

சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜாக்சன்வில் ஊரில் ஸ்டூடியோ நடத்திய அவர், 1874 ஆகஸ்டில் இந்த ஏரியை முதன்முதலாகப் படமெடுத்தார். அது ஈரத்தகட்டுக் காலம். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எனவே கேமராவோடு இருட்டறையும் மலையேறியது. அந்தத் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிபடும். வானம் வெளுத்துவிடும், செம்பாறை கறுத்துவிடும். இடத்தைத் தப்பாகத் தேர்ந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

அவருடைய படங்கள் ஏரியின் அழகை ஊரறியச் செய்தன. வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 1902இல் இது தேசியப் பூங்கா ஆனது.

இளம் படக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: விளிம்பில் இருப்பது உதிரும் எரிமலை மண். தடுப்புச் சுவரைத் தாண்டாதீர்கள். நல்ல படம் இந்தப் பக்கத்திலிருந்தே கிடைக்கும்.