அதிபர்கள் உட்கார்ந்த நாற்காலி!

1960, செப்டம்பர் 26. சிகாகோவில் கென்னடிக்கும் நிக்ஸனுக்கும் டி.வி. விவாதம். பேச்சைக் கேட்டவர்கள் சரி, இருவரும் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? டென்மார்க் சரக்கு சார் அது!

செருப்புத் தைப்பவரின் மகன் ஹான்ஸ் வெக்னர், 1949-ல் வடிவமைத்தது. முதுகுச் சட்டத்தில் மரத்துண்டுகள் சேருமிடம் அவருக்கு உறுத்தியது. பிரம்பைச் சுற்றி மறைத்தார். பிறகு, பல் பல்லாகக் கோக்கும் இணைப்பு கைகூடியதும் பிரம்பு போயிற்று, இணைப்பே அழகாகிவிட்டது! அவர் சொன்னது ‘வட்ட நாற்காலி’. அமெரிக்கர்கள் வைத்த பெயர், வெறும் ‘தி சேர்’!

இன்றும் புதுசாகச் செய்கிறார்கள். ஆனால், சேகரிப்பாளர்கள் தேடுவது பழசை. எங்காவது கண்ணில் பட்டால் கௌரவம் பார்க்காமல் குனிந்து அடியில் பாருங்கள். யோஹானஸ் ஹான்சன் பட்டறை முத்திரை இருக்கணும். கூடவே பிரம்பு சுற்றிய முதுகா? யோகம்தான்! அன்றைக்கு மறைத்த குறைக்குத்தான் இன்றைக்கு மவுசு!