ஹோப் தெருவின் இரு முனைகள்



ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். ஒரு நாள் பக்கத்துச் சபையின் போதகர் நம் கோவிலுக்கு வந்து பேசுகிறார். ஒரு நாள் நாம் அவர்கள் ஆலயத்துக்குப் போகிறோம். பாடுகிறோம், செபிக்கிறோம், சேர்ந்து தேநீர் குடிக்கிறோம். 26ஆம் தேதி குடியரசு நாள் கொடி ஏற்றிவிட்டு அவரவர் வழியே போய்விடுகிறோம். எட்டு நாள் உறவு முடிந்துவிடுகிறது. மீதி முந்நூற்றுச் சொச்சம் நாட்களில் ஒரே ஊரில் இருக்கும் சபைகள் ஒன்றுக்கொன்று என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியோடு இன்று ஓர் ஊரின் வரலாற்றைப் பார்ப்போம். அந்த ஊர் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூல்.

1847ஆம் ஆண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம். அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 அயர்லாந்து மக்கள் கப்பலேறி லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். பலர் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் பிற ஊர்களுக்கும் போனார்கள். போக வழியில்லாத ஏழைகள் அங்கேயே நிலவறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அவர்களிடையே நச்சுக்காய்ச்சல் பரவியது. நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்கள் கொடுக்கப் போன கத்தோலிக்கக் குருக்கள் பத்துப் பேர் அதே காய்ச்சலில் இறந்தார்கள். தூய பேட்ரிக் ஆலயத்தில் இன்றும் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே ஆண்டில் வேறொரு சபையைச் சேர்ந்த ஜான் ஜான்ஸ் என்ற போதகரும் ஏழைகளிடையே உழைத்து அதே காய்ச்சலுக்குப் பலியானார். காய்ச்சல் சபை பார்க்கவில்லை.

ஆனால் ஊர் மக்கள் பார்த்தார்கள். வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஏற்கெனவே இருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிவினைச் சபையார். குறைந்த கூலிக்கு உழைக்க இவர்கள் வந்துவிட்டார்களே என்ற அச்சமும், பழைய மதப் பகையும் சேர்ந்துகொண்டன. இந்தத் தெரு அவர்களுடையது, அந்தத் தெரு இவர்களுடையது என்று நகரம் பிரிந்தது. 1909 ஜூனில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் பவனியை ஒட்டிப் பெருங்கலவரம் மூண்டது. இரு தரப்பிலும் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கள் ஆட்கள் வாழும் தெருக்களுக்கு ஓடின. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த நெருப்பு அணையவில்லை. 1958இல் கத்தோலிக்கப் பேராயர் ஹீனன் நோயுற்ற ஒரு பெண்மணியைப் பார்க்கப் போனபோது அவர்மேல் கல்லெறிந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போன மேய்ப்பர்மீது கல்! இது நடந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு தெரு. அதன் பெயர் ஹோப் தெரு. 'ஹோப்' என்றால் எதிர்நோக்கு. அங்கு வாழ்ந்த வில்லியம் ஹோப் என்ற வணிகரின் பெயரால் அமைந்த தெரு அது. பேராலயங்கள் இரண்டும் வருவதற்கு முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது. தெருவின் ஒரு முனையில் ஆங்கிலிக்கன் பேராலயம் இருக்கிறது. 1904இல் அடிக்கல் நாட்டி 1978இல்தான் கட்டி முடித்தார்கள். மறுமுனையில் 1967இல் அர்ச்சிக்கப்பட்ட நமது கத்தோலிக்கப் பேராலயம். ஆங்கிலிக்கன் பேராலயத்தை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் ஒரு கத்தோலிக்கர். கத்தோலிக்கப் பேராலயத்தை வடிவமைத்த ஃபிரெடெரிக் கிபர்ட் கத்தோலிக்கரல்லாதவர். மக்கள் பிரிந்து நின்ற ஊரில், கட்டடக் கலைஞர்கள் ஒருவர் வீட்டை மற்றவர் கட்டிக் கொடுத்தார்கள்.

மாற்றம் எப்படி வந்தது? ஒரே காரணம் சொன்னால் வரலாறு ஆகாது. போருக்குப் பின் பழைய குடிசைப் பகுதிகளை அகற்றி மக்களைப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றியபோது, பகைத்த தெருக்காரர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள். 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பிரிந்திருப்பவர்களைச் சகோதரர்களாகப் பார்க்க அது நமக்குக் கற்றுக் கொடுத்தது. அதன்பின் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு மனிதர்கள் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

1975இல் ஆங்கிலிக்கன் ஆயராக வந்தவர் டேவிட் ஷெப்பர்ட். கிரிக்கெட் பார்க்கும் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இங்கிலாந்துக்காக 22 டெஸ்ட் போட்டிகளில் ஆடியவர், அணித்தலைவராகவும் இருந்தவர். 1952இல் ஓவல் மைதானத்தில் நம் இந்திய அணிக்கு எதிராக 119 ரன் எடுத்தவர். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவின் அணிக்கு எதிராக 1960இல் ஆட மறுத்தவர். மறு ஆண்டு, 1976இல், கத்தோலிக்கப் பேராயராக வந்தவர் டெரெக் வர்லக். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர்களுக்குப் பல ஆண்டுகள் செயலராக இருந்து, வத்திக்கான் சங்க அமர்வுகளை நேரில் கண்டவர். ஒருவர் விளையாட்டு வீரர், மற்றவர் அலுவலக மனிதர். குணத்திலும் பழக்கத்திலும் வேறுபட்டவர்கள்.

அவர்கள் வந்த காலத்தில் லிவர்பூல் தள்ளாடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் வேலை குறைந்துவிட்டது. டன்லப் டயர் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலை 1981இல் மூடப்பட்டது. வேலையிழந்தவர் வீட்டு அடுப்பில் கத்தோலிக்க அடுப்பு, ஆங்கிலிக்கன் அடுப்பு என்று வேறுபாடு உண்டா? இரண்டு ஆயர்களும் மெத்தடிஸ்ட் முதலான பிற சபைத் தலைவர்களும் சேர்ந்து தொழிலாளர்களுக்காகப் பேசினார்கள். 1981 ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதியில் பெருங்கலவரம் வெடித்தது. காவல்துறைமீது கறுப்பின இளைஞர்களுக்கு இருந்த நீண்ட நாள் மனக்குறை தீயாக எழுந்தது. இரண்டு ஆயர்களும் தெருவில் இறங்கினார்கள். மக்களின் குறைகளையும் கேட்டார்கள், அதிகாரிகளிடமும் பேசினார்கள். அந்தப் பகுதி மக்களுக்கு ஒரு சட்ட உதவி மையம் அமையத் துணை நின்றார்கள்.

ஊர் மக்கள் இவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'மீனும் சிப்ஸும்'. அங்கே வறுத்த மீனையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துத்தான் விற்பார்கள். நம் ஊர் டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பதுபோல அவர்களும் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பது பழைய வழக்கம். இந்த இருவரும் எப்போதும் சேர்ந்தே இருக்கிறார்கள், எப்போதும் செய்தித்தாளிலும் இருக்கிறார்கள் என்பது அந்தக் கேலியின் பொருள். ஒரு காலத்தில் பேராயர்மேல் கல்லெறிந்த ஊர், இப்போது இரண்டு ஆயர்களையும் சேர்த்துக் கேலி செய்தது. கல் எங்கே, கேலி எங்கே! அதுவே பெரிய முன்னேற்றம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1982 மார்ச்சில் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் ராபர்ட் ரன்சி லிவர்பூலில் பேச வந்தபோது, திருத்தந்தையின் வருகையை எதிர்த்தவர்கள் கூச்சலிட்டு அவரைப் பேசவிடவில்லை. ஆனால் இரண்டே மாதம் கழித்து, மே 30, தூய ஆவியார் பெருவிழா அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் லிவர்பூலுக்கு வந்தார். முதலில் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்குள் நுழைந்தார். உள்ளே இருந்தவர்கள் கைதட்டி வரவேற்றார்கள். பிறகு ஹோப் தெரு வழியாகவே கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் போய்த் திருப்பலி நிறைவேற்றினார். மூன்று ஆண்டு கழித்து, 1985 தூய ஆவியார் பெருவிழாவில், அந்தப் பகுதியின் சபைத் தலைவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். வழிபாடு ஒரு பேராலயத்தில் தொடங்கியது. மக்கள் ஹோப் தெருவில் நடந்து போய் மற்றப் பேராலயத்தில் முடித்தார்கள். பவனியை ஒட்டிக் கலவரம் நடந்த ஊரில், பவனியே ஒப்புரவின் அடையாளம் ஆயிற்று.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டது. லிவர்பூல் அணியின் ஆட்டம் பார்க்கப் போனவர்களில் 97 பேர் அதனால் உயிரிழந்தார்கள். மறுநாள் கத்தோலிக்கப் பேராலயத்தில் இறந்தோர்க்கான திருப்பலி நடந்தது. இரண்டு வாரம் கழித்து ஆங்கிலிக்கன் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. அழுதவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். பகை பழகிய தெருக்கள் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளப் பழகியிருந்தன.

சகோதர சகோதரிகளே, இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இருவரும் இறையியல் வேறுபாடுகள் எல்லாம் தீரட்டும், பிறகு சேர்ந்து வேலை செய்வோம் என்று காத்திருக்கவில்லை. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பல சபைகள் கூடிய மாநாட்டில் ஒரு நெறி பிறந்தது. மனச்சான்று தடுக்கும் காரியங்களை மட்டும் தனித்தனியாகச் செய்வோம், மற்ற எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம் என்பது அதன் கருத்து. நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். எல்லாவற்றையும் தனியாகச் செய்துவிட்டு, சேர்ந்து செய்ய ஏதாவது இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை தேடுகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு நண்பர்களாக இருந்தும் அந்த இரண்டு ஆயர்களும் ஒரே பீடத்தில் நற்கருணையைப் பகிரவில்லை. நம் திருச்சபையின் போதனை அதற்கு இடம் தரவில்லை. அந்த வலியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வேறுபாடே இல்லை என்று நடிப்பது ஒன்றிப்பு ஆகாது. வேறுபாடு இருக்கிறது என்பதற்காக முகம் திருப்புவதும் நம்பிக்கைக்கு உண்மையாக இருப்பது ஆகாது. அந்த வலி நமக்கும் இருக்க வேண்டும். வலி இருந்தால்தான் இறுதி இரவு உணவின்போது சீடர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் செய்த மன்றாட்டு நம் மன்றாட்டாகவும் ஆகும்.

1996இல் பேராயர் வர்லக் மறைந்தார். ஷெப்பர்ட் 2005இல் மறைந்தார். ஆனால் நட்பு அவர்களோடு போகவில்லை. 1844இல் ஆங்கிலிக்கர் தொடங்கிய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும், 1856இல் நோத்ர்தாம் அருள்சகோதரிகள் தொடங்கிய கல்லூரியும் பின்னாளில் இணைந்தன. அது 2005இல் லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகம் என்ற தகுதியைப் பெற்றது. அதே ஆண்டில் இரு சபைகளும் சேர்ந்து நடத்தும் பள்ளி ஒன்று அசிசியின் தூய பிரான்சிஸ் பெயரில் திறக்கப்பட்டது. 2008இல் ஹோப் தெருவின் நடுவே இரண்டு வெண்கலக் கதவுகள்போல் அமைந்த நினைவுச்சிலை எழுந்தது. ஒன்றில் ஷெப்பர்ட், மற்றதில் வர்லக்.

நம் பக்கம் திரும்புவோம். ஒன்றிப்பில் நம் மண் யாருக்கும் பின்தங்கியது அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் முதலான சபைகள் சென்னையில் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. இங்கிலாந்திலோ 1972இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் இணைப்புத் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. 1995இல் நாமும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் 'திருவிவிலியம்' வெளிவந்தது. நாம் செபம் என்போம், அவர்கள் ஜெபம் என்பார்கள். நாம் தூய ஆவியார் என்போம், அவர்கள் பரிசுத்த ஆவியானவர் என்பார்கள். சொல் இரண்டானாலும் ஆவியார் ஒருவரே.

ஆனாலும் நம் வீட்டு வாசலில் நடப்பது என்ன? அம்மா கத்தோலிக்கர், மருமகள் சி.எஸ்.ஐ., பேரன் போவது பெந்தக்கோஸ்து சபைக்கு. திருமணம் எந்தக் கோவிலில் என்பதில் தொடங்கும் மனக்கசப்பு, அடக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் என்பதுவரை போகிறது. உடல் வீட்டில் கிடக்கும்போது வாசலில் வாக்குவாதம் நடந்தால், பார்த்துக்கொண்டு நிற்கும் பிற சமயத்து அண்டை வீட்டார் கிறிஸ்துவைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஆண்டவரின் மன்றாட்டே உலகம் நம்ப வேண்டும் என்பதற்காகத்தானே!

ஆகவே இந்த ஆண்டு மூன்று காரியங்களைச் சேர்ந்து செய்வோம். அரசு மருத்துவமனையில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் நோயாளிகளை மாதம் ஒருமுறை எல்லாச் சபையாரும் சேர்ந்து சந்திப்போம். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் சபை பார்க்காமல் போய் உட்காருவோம், குழி வெட்டவும் உணவு கொடுக்கவும் கை கொடுப்போம். குடியால் அழியும் இளைஞர்களுக்காகச் சபைத் தலைவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம். இவற்றுள் எதையும் நம் மனச்சான்று தடுக்கவில்லை. பிறகு ஏன் தனித்தனியாகச் செய்ய வேண்டும்?

ஆண்டவரே, ஒரே திருமுழுக்கால் உம்மோடு இணைக்கப்பட்ட எங்களை, ஒருவர் நோயில் ஒருவரும் ஒருவர் துக்கத்தில் ஒருவரும் சேர்ந்து நிற்கச் செய்தருளும். ஒரே பீடத்தில் கூடும் நாளை நோக்கி எங்களை நடத்தியருளும். ஆமென்.