தோல் துருத்தி வைத்தியம்

நண்பரின் பழைய மாரிஸ் மைனர், சிக்னலில் நின்றதும் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். 'புது கார்புரேட்டர் போட்டுடலாம் சார்' என்றார் மெக்கானிக். பர்ஸைத் திறப்பதற்கு முன் இங்கிலாந்து வரை போய்வருவோம்!

அங்கே 1905-ல் ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். குடும்பத்துக்கு ஷூ வியாபாரம். (பெயரிலும் தோல், தொழிலிலும் தோல்!) கார்புரேட்டருக்குள்ளும் ஒரு தோல் துருத்தியை வைத்தார் மனுஷர். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அது உயரும். கூடவே ஒரு ஊசியும் உயர்ந்து பெட்ரோலுக்கு வழிவிடும். பிற்பாடு துருத்தி போய் உலோக பிஸ்டன் வந்தது. ஸ்கின்னரின் 'எஸ்.யூ.' கம்பெனியை 1926-ல் வில்லியம் மாரிஸ் வாங்கிப்போட, 1948-ல் பிறந்த மைனருக்கும் அதே கார்புரேட்டர்தான்.

இதில் ஒரு சௌகரியம், நோயை எஞ்சினே சொல்லிவிடும். சூடானதும் ஐடிலிங்கில் ஓடவிட்டு, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். அணைந்துவிட்டால் கம்மி, அல்லது எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. லேசாக எகிறி அடங்கினால் சரியான அளவு. எஞ்சினை நிறுத்திவிட்டு, பிஸ்டனை முழுசாகத் தூக்கி விடுங்கள். 'டக்'கென்று விழ வேண்டும்.

நண்பருடையது பாதியில் நின்றது. உள்ளே அழுக்கு! செலவு: ஒரு பழைய துணி, கொஞ்சம் பெட்ரோல்.