ஜெர்மன் கடல்விமானங்களின் உருமறைப்பு வண்ணங்கள்

நீரில் இறங்கி எழும் ஜெர்மன் போர் விமானங்களை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்க, இரு உலகப் போர்களிலும் கையாளப்பட்ட வண்ணத் திட்டங்கள். மேலிருந்து பார்த்தால் கடலோடும், கீழிருந்து பார்த்தால் வானோடும் விமானம் கலந்துவிட வேண்டும் என்பதே அடிப்படை.

முதல் உலகப் போரின் பிற்பகுதியில் கடற்படை உருமறைப்பு நிறங்களைத் துணியிலேயே அச்சடித்தது. ஹன்சா-பிராண்டன்பர்க் டபிள்யூ 29 போன்றவற்றின் இறக்கை மேற்பரப்பில் மங்கலான மூன்று நிறங்களில் அறுகோணங்கள் அடுக்கடுக்காக ஓடின. தரைப்படை விமானங்களின் கோணல்மாணலான பலகோணங்களைவிட இவை ஒழுங்கானவை. தொலைவில் மூன்றும் குழைந்து கலங்கிய கடல்நீர் போலத் தெரியும். பெயின்ட்டின் எடையும் மிச்சம். மரத்தாலும் துணியாலும் ஆன விமானத்துக்கு அது சிறிய லாபமல்ல.

இரண்டாம் உலகப் போரில் விதி எண்களாக இறுகியது. ஜெர்மன் வான்துறை அமைச்சகத்தின் வண்ண அட்டவணையில் 72, 73 என்ற இரு கரும்பச்சைகள் மேற்புறத்துக்கு. 65 என்ற வெளிர்நீலம் அடிப்புறத்துக்கு. கூர்முனைத் துண்டுகளாகப் பிரித்து அடிக்கப்பட்ட அந்தப் பச்சைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. கறுப்பு-வெள்ளைப் படங்களில் எல்லைக்கோடு தேடினாலும் அகப்படாது. மாதிரி விமானம் செய்வோரின் ஓயாத சச்சரவுக்கு இதுவே காரணம்.

போர்க்கப்பல்களிலிருந்து ஏவப்பட்ட அராடோ 196, கண்ணிவெடி தூவிய ஹைன்கல் 115, ரோந்து சென்ற புளோம் ஊண்ட் ஃபோஸ் 138 ஆகியவை இந்தத் திட்டத்தையே அணிந்தன. இரவுப் பணிக்கு அடிவயிற்றில் கறுப்பு பூசுவதும், வடதுருவப் பனிக்காலத்தில் பச்சையின்மேல் தற்காலிக வெள்ளை அடிப்பதும் உண்டு. மத்தியதரைக் கடலில் உடற்பகுதியைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்டார்கள். மறைக்கப் பாடுபட்டுவிட்டு, சொந்தப் படை சுட்டுவிடக் கூடாதே என்று அடையாளமும் காட்டவேண்டியிருந்தது.